பழைய வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கும் முன்: திட்டமும் செலவுக் கணக்கும்

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் நம் பாட்டனார் காலத்து வீடுகள் இன்னும் நிறைய நிற்கின்றன. சுண்ணாம்புக் காரையில் கட்டிய கனத்த சுவர், தேக்கு உத்திரம் தாங்கும் மட்டப்பா, முன்னால் திண்ணை, கடைசியில் புகை படிந்த அடுக்களை. முன்கூடத்திற்குப் பலமுறை பெயின்ட் அடித்திருப்பார்கள். தரையும் மாறியிருக்கும். அடுக்களை மட்டும் அப்படியே கிடக்கும். மகளுக்கு நிக்காஹ் பேசும்போது, வெளிநாட்டிலிருந்து மகன் விடுமுறையில் வரும்போது, அல்லது உம்மாவுக்கு மூட்டு வலி வந்து தரையில் உட்கார்ந்து அரைக்க முடியாமல் போகும்போதுதான் அதன் நினைவு வரும். வந்ததும் ஒரே வாரத்தில் டைல்ஸ் கடையில் நிற்போம்.

டைல்ஸ் கடையில் தொடங்குவதுதான் முதல் தவறு. அந்தத் தவறை நாமும் செய்தோம். நம் வீட்டு அடுக்களையில் மேடையை மாற்றி, சுவருக்கு டைல்ஸ் ஒட்டினால் போதும் என்று நினைத்து, டைல்ஸையும் வாங்கி, அலமாரிக்கும் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். பழைய மேடையை உடைத்தபோது, சுவருக்குள் போன இரும்புக் குழாய் பல ஆண்டுகளாகக் கசிந்திருப்பது தெரிந்தது. ஈரம் சுவர் வழியே ஏறி, உத்திரத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் மரம் தவிடாகியிருந்தது. உத்திரத்தைச் சரிசெய்யாமல் அதன் கீழே அலமாரி மாட்ட முடியாது. கையில் இருந்த பணம் டைல்ஸாகவும் முன்பணமாகவும் மாறிவிட்டிருந்தது. கடைசியில் மச்சானிடம் கைமாற்று வாங்கித்தான் கூரையைக் காப்பாற்றினோம். ஒரு மாத வேலை நான்கு மாதம் இழுத்தது. இந்தக் கட்டுரையில் உள்ளவற்றில் பாதி அந்த நான்கு மாதத்தில் படித்தவை. மீதி, ஜமாஅத்தில் நம்மிடம் வந்த பிணக்குகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டவை.

வீடு யாருடையது?

இது சமையலறைக் கட்டுரைதானே, இந்தக் கேள்வி ஏன் என்று சிலர் நினைக்கலாம். பழைய வீடு என்றாலே பெரும்பாலும் பங்கு பிரிக்காத வீடு. வாப்பா மவுத்தாகிப் பத்து வருடம் ஆகியிருக்கும். உம்மாவுக்கும், ஆண் மக்களுக்கும், பெண் மக்களுக்கும் அதில் பங்கு இருக்கும். ஆனால் வீட்டில் குடியிருப்பது ஒருவர், பணம் அனுப்புவது இன்னொருவர். வேலை நடக்கும்போது எல்லோரும் மகிழ்ச்சியாகவே இருப்பார்கள். ஐந்து வருடம் கழித்து வீட்டை விற்கவோ பிரிக்கவோ உட்காரும்போதுதான், "நான் போட்ட நான்கு லட்சம்" என்று பேச்சு தொடங்கும். "உன்னைப் போடச் சொன்னது யார்?" என்று பதில் வரும்.

நம்மிடம் வந்த ஒரு பிணக்கில், வெளிநாட்டில் இருந்த தம்பி அனுப்பிய பணத்தில் காக்கா அடுக்களையை முழுக்க மாற்றியிருந்தார். தம்பி அதைக் கடன் என்றார். காக்கா, உம்மாவுக்குச் செய்த ஹதியா என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. பணம் அனுப்பிய நாளில் அது என்ன பணம் என்று யாரும் வாய் திறந்து பேசவில்லை, அவ்வளவுதான். ராத்தா இருவரிடம் யாருமே கேட்கவும் இல்லை, அவர்களும் பங்குதாரர்கள் என்ற நினைவே யாருக்கும் வரவில்லை. இப்போது அந்த அண்ணன் தம்பிக்குள் சலாம் மட்டும்தான் மிச்சம்.

கூட்டுச் சொத்தில் ஒருவர் மற்றவர்களின் சம்மதம் பெறாமல், திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சும் இல்லாமல் செலவழித்தால், அதை அவர் தாமாக முன்வந்து கொடுத்ததாகவே ஃபிக்ஹு நூல்கள் பொதுவாகக் கருதுகின்றன. பின்னால் கேட்பது கடினம். எனவே செங்கல்லைத் தொடுவதற்கு முன்பு, போடும் பணம் ஹிபாவா, கடனா, அல்லது பிரிக்கும்போது கழித்துக்கொள்ள வேண்டிய கூட்டுச் செலவா என்பதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பங்குதாரர் அனைவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் வைத்துவிடுங்கள். ரசீதுகளை அதே கோப்பில் சேருங்கள். உம்மா உயிரோடு இருக்கும்போது இதைப் பேசுவது அபசகுனம் என்று தயங்குபவர்கள் உண்டு. அவர்கள் இருக்கும்போதே பேசுவதுதான் அவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள நமது கடற்கரை ஊர்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. வீடு மனைவி பெயரில், சம்பாத்தியம் மாப்பிள்ளையுடையது. மனைவியின் வீட்டிற்குக் கணவர் செலவு செய்வதில் எந்தக் குறையும் இல்லை. அது அன்பளிப்பு என்றால் அன்பளிப்பு என்றே சொல்லிவிடுங்கள். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே பிற்காலச் சண்டைக்கு விதை.

இன்னொரு பங்குதாரர் பக்கத்து வீட்டுக்காரர். வரிசையாக ஒட்டிக் கட்டிய தெருக்களில் அடுக்களையின் ஒரு சுவர் பொதுச் சுவராக இருக்கும். அதை வெட்டிக் குழாய் புதைப்பதும், நம் கழிவு நீர் ஈரம் அவர்கள் பக்கம் இறங்குவதும் அவர்களுடைய ஹக்கைத் தொடும் விஷயம். முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். சுவரை இடிப்பது, கூரையை மாற்றுவது, கட்டடத்தை நீட்டுவது என்றால் நகராட்சியிலோ ஊராட்சியிலோ அனுமதி தேவையா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணத்தை முதலில் பிரியுங்கள்

விலைகள் ஊருக்கு ஊர் மாறும், ஆறு மாதத்தில் மாறும். ஆகவே இங்கே நாம் தரும் ரூபாய்க் கணக்கை ஓர் உதாரணமாக மட்டும் பாருங்கள். கவனிக்க வேண்டியது அதன் பங்கீட்டை.

உங்களால் கடன் இல்லாமல் போட முடிந்தது 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 ஆயிரத்தை முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அது இல்லாத பணம். புதுக் கட்டடத்தில் எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கினால் போதும். பழைய வீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்பது நம் கருத்து. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்க்கும் வரை கொத்தனாருக்கும் தெரியாது.

மீதி 3 லட்சத்து 20 ஆயிரத்தில், கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம்: இடிப்பு, கழிவுக் குழாய், தண்ணீர்க் குழாய், வயரிங், பூச்சு, கூரைப் பழுது. மேடை, தரை, சுவர் டைல்ஸுக்கு 90 ஆயிரம். அலமாரி, அடுக்குகளுக்கு 75 ஆயிரம். சிங்க், குழாய், எக்சாஸ்ட் விசிறி, விளக்குகளுக்கு 35 ஆயிரம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். அலமாரிக்குப் பாதிப் பணம் போய்விடும். வயரிங்குக்கு வரும்போது, பழையதே ஓடட்டும் என்று முடிவு செய்வார்கள். அலமாரியை அடுத்த வருடமும் செய்யலாம். சுவருக்குள் போகும் குழாயையும் வயரையும் டைல்ஸ் ஒட்டிய பிறகு தொட முடியாது.

பணம் குறைந்தால் எதைக் குறைப்பது? கதவு போட்ட அலமாரியைக் குறையுங்கள். கடப்பா கல் அடுக்குகள் போட்டு, இப்போதைக்குத் திரை மாட்டிக்கொள்ளலாம். நம் உம்மாமார் வாழ்ந்த அடுக்களைகள் அப்படித்தான் இருந்தன. காற்றோட்டமும் இருந்தது, கரப்பானும் குறைவாக இருந்தது.

மாடுலர் கிச்சன் கடைகளில் தவணை என்று ஒன்றை நீட்டுவார்கள். வட்டியில்லாத் தவணை என்று எழுதியிருந்தாலும், ரொக்க விலை எவ்வளவு, தவணை விலை எவ்வளவு, பணத்தைத் தருவது கடையா அல்லது இடையில் ஒரு கடன் நிறுவனமா, தாமதமானால் அபராதம் உண்டா என்று நான்கையும் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். இடையில் கடன் நிறுவனம் வந்து, தள்ளுபடி என்ற பெயரில் வட்டி மறைந்திருப்பதும், தாமதத்திற்கு வட்டி ஏறுவதும் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில்தான் இருக்கும். நகையை வட்டிக்கு வைத்து அடுக்களை கட்டுவதைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் ஊரில் பைத்துல்மால் அழகிய கடன் தருகிறது என்றாலும், அது மருத்துவத்திற்கும் கல்விக்கும் காத்திருப்பவர்களின் பணம். ஒழுகும் கூரைக்கு அதைக் கேட்பதில் தவறில்லை. மினுக்கும் அலமாரிக்குக் கேட்பதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம். வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்து, இந்த வருடம் குழாய், வயர், மேடை, தரை. அடுத்த வருடம் அலமாரி என்று செய்வதே பல குடும்பங்களுக்குப் பொருந்தும்.

உடைக்கும் முன் பார்க்க வேண்டியவை

அனுபவமுள்ள ஒரு பொறியாளரை, பழைய சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்தவராகப் பார்த்து, ஒரு தடவை அழைத்துக் காட்டுவதற்கு ஆகும் கூலி வீண் செலவு அல்ல. அவர் வருவதற்கு முன் நீங்களே சிலவற்றைப் பார்த்து வைக்கலாம்.

மட்டப்பா வீட்டில் கூரையைத் தாங்குவது மர உத்திரங்கள். அவற்றின் மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். உத்திரம் நடுவில் நன்றாகத் தெரிந்தாலும் சுவருக்குள் போகும் நுனிதான் முதலில் கெடும். ஸ்க்ரூடிரைவரால் அந்த இடத்தில் அழுத்திப் பாருங்கள். இலகுவாக உள்ளே போனால், அல்லது தட்டும்போது பொள்ளென்று கேட்டால், ஈரமோ கறையானோ வேலையைக் காட்டியிருக்கிறது. மட்டப்பாவின் மேல் யாராவது தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீரின் எடை மட்டுமே ஒரு டன். நூறு வயது உத்திரத்தின் நடுவில் அதை நிறுத்துவது நியாயமல்ல. சுமை சுவர்களில் இறங்கும்படி இடம் மாற்ற வேண்டும்.

பின்கட்டு அடுக்களைகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு போட்டிருந்தால், அதைச் சுத்தியால் உடைத்து இறக்க விடாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் வருடங்கள் கழித்தும் நோயைத் தரக்கூடியது. தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தை மூடி, ஆணி போல்ட்டுகளைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். பிள்ளைகளை அன்று பக்கத்தில் விடக் கூடாது.

சுவர் அடியில் ஓதம் அடித்து, பூச்சு பொரிந்து உதிர்கிறதா? இங்கேதான் பெரும்பாலான கொத்தனார்கள் தவறு செய்கிறார்கள். பழைய காரையைச் சுரண்டிவிட்டு, "சிமெண்டு அடித்தால் கல்லு மாதிரி நிற்கும்" என்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன் மேல் இறுக்கமான சிமெண்டுப் பூச்சு போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, மேலே ஏறி, வேறொரு இடத்தில் உப்புப் பூக்கும். சில வருடத்தில் சிமெண்டு அப்படியே பாளமாகக் கழன்று வரும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துங்கள்: கசியும் குழாயா, சுவரை ஒட்டிய சாக்கடையா, மழைநீரா? மேடைக்கு மேல் டைல்ஸ் வரும் பகுதிக்கு மட்டும் சிமெண்டு. மீதிச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு அடிப்பும் போதும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. ஆனாலும் தேடினால் கிடைக்கிறார்கள்.

அடுக்களைக்கும் கூடத்திற்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டால் விசாலமாக இருக்குமே என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். பழைய வீட்டில் தூண்கள் கிடையாது. சுவரே கூரையைச் சுமக்கிறது. பொறியாளர் பார்த்து, மேலே இரும்பு பீம் கொடுத்துத்தான் அதைத் தொட முடியும். அந்த ஒரு ஆசை பட்ஜெட்டில் பாதியைத் தின்றுவிடும். நம் வீடுகளில் விருந்தினர் கூடத்திலிருந்து அடுக்களை மறைவாக இருப்பதற்கு ஒரு காரணமும் இருந்தது.

சமைப்பவரிடம் கேளுங்கள்

மஷூரா என்றால் ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது என்று ஆகிவிட்டது. அந்த அறையில் தினமும் நிற்பவர்களைக் கேட்காமல் மேடை கட்டப்பட்ட வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். மேடையின் உயரம் சமைப்பவரின் முழங்கையிலிருந்து சுமார் 4 அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ளவருக்கு 32 அங்குலம், கொஞ்சம் உயரமானவருக்கு 34 என்று வரும். மாமியும் மருமகளும் ஒரே அடுக்களையில் நின்றால், அதிக நேரம் சமைப்பவருக்கு ஏற்ற உயரத்தில் மேடை வைத்து, காய் நறுக்க, மாவு பிசைய ஒரு பக்கத்தில் தாழ்வான மேசையும் ஸ்டூலும் போட்டுக்கொள்ளலாம். மூட்டு வலி உள்ள உம்மாவுக்கு அந்த ஸ்டூல் இத்தாலிய அலமாரியைவிடப் பெரிய உபகாரம்.

ஒரு வாரம், யார் எத்தனை தடவை எங்கே போய் வருகிறார்கள் என்று கவனியுங்கள். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றும் ஒன்றையொன்று இரண்டு மூன்று எட்டில் தொடும்படி இருந்தால் கால் வலிக்காது. பிறகு நம் வீடுகளுக்கென்று சில தேவைகள் உண்டு. கந்தூரிக்கும் பெருநாளுக்கும் எடுக்கும் தேக்சாவைக் கழுவ ஆழமான பெரிய சிங்க் வேண்டும். கடையில் அழகாகத் தெரியும் சின்னக் கிண்ணத்தில் ஒரு பிரியாணிச் சட்டி கூட நுழையாது. இரண்டு கிண்ண சிங்கைவிட ஒரே பெரிய கிண்ணம் மேல். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி இறைச்சி வந்து இறங்கும் இடம், அதை வைத்துப் பங்கு பிரிக்கக் கழுவி விடக்கூடிய ஒரு கல் மேடை பின்கட்டில் இருந்தால் அடுக்களை தப்பிக்கும். பழைய வீடுகளில் இருந்த அங்கணத்தை இடிக்காமல், குழாயும் சரிவும் சரிசெய்து வைத்துக்கொண்டால் இந்த இரண்டு வேலையும் அங்கேயே முடிந்துவிடும்.

குழாயும் மின்சாரமும் எரிவாயுவும்

பழைய இரும்புக் குழாய் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே துருப்பிடித்து அடைத்திருக்கும். மேடையை உடைத்தபின் அதில் ஒரு அங்குலத்தைக்கூட மிச்சம் வைக்காதீர்கள். கழிவுக் குழாய்க்குப் பத்தடி நீளத்திற்கு இரண்டு முதல் மூன்று அங்குலச் சரிவு வேண்டும். வளைவு வரும் இடங்களில் திறந்து சுத்தம் செய்ய மூடி வையுங்கள். நம் சமையலில் எண்ணெயும் கொழுப்பும் அதிகம். வெளியே சாக்கடையில் சேரும் முன் சின்ன ஒரு கொழுப்புத் தொட்டி கட்டினால் அடைப்பு வருவது பெரிதும் குறையும்.

தரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் கலவையும் ஓடும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு அங்குலம் உயரும். கதவு தட்டும், கழுவிய தண்ணீர் கூடத்திற்குள் ஓடும். சிவப்புக் காவித் தரை நன்றாக இருந்தால் விரிசலை அடைத்து மெருகேற்றி அதையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒட்டுவதென்றால் வழுக்காத மேட் ரகம். பளபளக்கும் ஓட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் வீட்டில் ஒரு பெரியவர் விழுவார்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. மரப்பட்டியின் மேல் ஓடும் பழைய வயர் பல வீடுகளில் இரண்டு வயர்தான், எர்த் கிடையாது. அது ஒரு பல்புக்கும் ஒரு விசிறிக்கும் போட்டது. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்று மட்டுமே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதோடு கிரைண்டரும் கெட்டிலும் சேர்ந்தால் வயர் சுவருக்குள்ளேயே சூடாகும். அடுக்களைக்கு மெயினிலிருந்து தனி லைன் இழுத்து, பவர் பிளக்குகளுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், விளக்குக்கு ஒன்றரையும் போடச் சொல்லுங்கள். நல்ல எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம், ஈரக் கையால் மிக்ஸியைத் தொடும்போது உயிரைக் காப்பது அதுதான். மொத்தச் சுமை கூடினால் மின்வாரிய அலுவலகத்தில் கூடுதல் சுமைக்கு மனுக் கொடுங்கள். காரைச் சுவரில் வயர், குழாய்க்காகக் குறுக்கே நீளமாக வெட்ட விடாதீர்கள், சுவர் பலம் இழக்கும். மேலிருந்து கீழாக வெட்டலாம்; அல்லது வயரைப் பி.வி.சி. பட்டியில் வெளியே ஓடவிடலாம். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைப்பதென்றால் அடியில் காற்றுப் போகும் திறப்பு இருக்க வேண்டும். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரமான மட்டத்தில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்கள் குழாயின் மேல் அச்சிட்ட தேதியை இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

புகை வெளியேற விலை உயர்ந்த சிம்னிதான் வேண்டும் என்பதில்லை. பழைய வீட்டுக் கூரை உயரமானது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, 12 அடி உயரம் என்றால் 1,440 கன அடி. சமைக்கும் நேரத்தில் அந்தக் காற்று மணிக்கு 20 முறை மாற வேண்டும் என்று கொண்டால் 28,800 கன அடி. அதாவது சுமார் 815 கன மீட்டர். எக்சாஸ்ட் விசிறியின் பெட்டியில் அந்த எண் அச்சாகியிருக்கும். பழைய புகைபோக்கி இருந்த திறப்பை அடைக்காமல் விசிறியை அங்கேயே பொருத்தினால் சுவரில் புதிய ஓட்டையும் தேவையில்லை.

பொருள் கணக்கு

கடைக்காரர் போடும் கணக்கை அப்படியே ஏற்காதீர்கள். நீங்களும் ஒரு தாளில் போடுங்கள். அதே பத்துக்குப் பன்னிரண்டு அறையில் தரை 120 சதுர அடி. சேதாரத்துக்குப் பத்தில் ஒன்று சேர்த்தால் 132. இரண்டுக்கு இரண்டடி டைல்ஸ், நான்கு கொண்ட பெட்டி ஒன்று சுமார் பதினைந்தரைச் சதுர அடி மூடும். ஆக 9 பெட்டி. அதற்கு மேல் ஒரு பெட்டி வாங்கிப் பரணில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு ஓடு உடைந்தால் அதே நிறம் கிடைக்காது. எல்லாப் பெட்டியிலும் ஒரே தயாரிப்பு எண் இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். சுவர் டைல்ஸைக் கூரை வரை ஒட்டும் பழக்கம் நமக்குப் புரிவதில்லை. மேடைக்கு மேல் இரண்டடி, அடுப்புக்குப் பின்னால் கொஞ்சம் கூடுதல், அது போதும். மீதியெல்லாம் காசைச் சுவரில் ஒட்டுவது. இஸ்ராஃப் என்ற சொல் உணவுக்கு மட்டும் உரியதல்ல.

மேடைக்கான கருங்கல் பலகையைப் பழைய சுவரில் பள்ளம் தோண்டிச் செருகாமல், கீழே செங்கல் கால்கள் அல்லது கடப்பா பலகைகளை நிறுத்தி அவற்றின் மேல் வைப்பது சுவருக்கு நல்லது. அலமாரிக்குப் பிளைவுட் என்றால் தண்ணீர் படும் இடத்திற்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ரகம், ஐ.எஸ். 303இல் வரும் சாதாரண எம்.ஆர். ரகம் ஈரத்தில் ஊதிவிடும். முத்திரை பலகையின் மேலேயே இருக்கும், கடைக்காரர் வாயில் அல்ல. கறையான் உள்ள வீட்டில் தரை மட்டத்தில் மரமே வேண்டாம். சிங்குக்குக் கீழே எதையும் மூட வேண்டாம். கசிவு கண்ணில் பட வேண்டும்.

ஆளும் காலமும்

குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஒரே பட்டியலை மூவருக்கும் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். இடித்த மண்ணை அள்ளுவது யார், வரி சேர்த்தா சேர்க்காமலா, ஏற்றுக்கூலி யாருடையது, எந்த நிறுவன வயர், எத்தனை நாள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தெளிவில்லாத ஒப்பந்தத்தை நம் மார்க்கம் ஏன் வெறுக்கிறது என்பது ஒரு வீட்டு வேலையைச் செய்து பார்த்தால் புரியும். பணத்தை வேலையின் கட்டத்திற்கேற்பக் கொடுங்கள். கடைசிப் பத்தில் ஒரு பங்கை, எல்லாக் குழாயையும் திறந்து ஒரு வாரம் பார்த்தபின் கொடுப்பது என்று முதலிலேயே பேசி எழுதிவிடுங்கள். நமக்கு ஒருவர் பெரிய முன்பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். அதற்காகக் கூலிக்காரர்களின் அன்றாடக் கூலியை இழுத்தடிக்கக் கூடாது. ஒப்பந்தக்காரரிடம் காட்ட வேண்டிய கண்டிப்பைச் சித்தாளிடம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேலை வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகும். கூரைப் பழுது முதலில். பிறகு இடிப்பு, கழிவுக் குழாய், தண்ணீர்க் குழாய், வயரிங், பூச்சு. பூச்சு குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்த வாரம் ஆள் சும்மா இருக்கிறாரே என்று அவசரப்படாதீர்கள். பிறகு தரை, மேடை, சுவர் டைல்ஸ், பெயின்ட், கடைசியில் அலமாரி. டைல்ஸ் ஒட்டும் முன் குழாயில் தண்ணீரை அடைத்து ஓர் இரவு முழுவதும் கசிவு பாருங்கள். சுவருக்குள் போன குழாயையும் வயரையும் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்துச் சேமியுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது அது உதவும்.

கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரையைத் திறக்க முடியாது. ஷஃபான் மாதத்தில் தொடங்கினால் நோன்பில் கஞ்சி காய்ச்ச இடம் இருக்காது. இரண்டுக்கும் இடையில் குறைந்தது மூன்று மாதம் கிடைக்கும்படி நாள் குறியுங்கள். பிறைக் கணக்கில் ரமளான் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வருவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மூன்று மாதமும் பின்கட்டிலோ மாடியிலோ ஒரு தற்காலிக அடுப்பு, தண்ணீர், பாத்திரம் கழுவ இடம் வேண்டும். ஆட்கள் வந்து போகப் பின்வாசலை ஒதுக்கி, நடுவில் ஒரு தார்ப்பாய் மறைப்பு கட்டினால் வீட்டுப் பெண்களும் நிம்மதியாக நடமாடலாம், தூசியும் கூடத்திற்குள் வராது. கடையில் வாங்கிச் சாப்பிடும் செலவைப் பட்ஜெட்டில் யாரும் எழுதுவதில்லை. நம் வீட்டில் நான்கு மாதத்தில் அது ஒரு நல்ல கிரைண்டரின் விலையைத் தாண்டிவிட்டது.

பழைய கதவு, தேக்குச் சட்டம், பித்தளைத் தாழ்ப்பாள், ஆட்டுக்கல் ஆகியவற்றை இடிப்பவரிடம் சும்மா கொடுத்துவிடாதீர்கள். பழைய தேக்கை அறுத்து அடுக்குகள் செய்தால் இன்றைய பிளைவுட்டைவிட நாள் நிற்கும். அவையும் பங்குதாரர் அனைவருக்கும் சொந்தமானவை; விற்றால் அந்தத் தொகையையும் அதே கோப்பில் எழுதி வையுங்கள்.